பெயருக்குப் பதில் ஓர் இருமல்

வங்காலையில் மரியான் சந்தியோகுவை நல்லவன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. கெட்டவன் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. “அந்தாளோட கதைக்கேலாது” என்று மட்டும் சொல்வார்கள். அது உண்மை. வயது ஐம்பத்தாறு. இடது காலை இழுத்து இழுத்து நடப்பான். கால் போனதற்கு ஈடாகக் கடவுள் இரண்டு நாக்குக் கொடுத்துவிட்டாரோ என்று தோன்றும். எஞ்சின் ஒரே இழுப்பில் பிடிக்காவிட்டால் எஞ்சினுக்கு ஏச்சு. காற்று எழும்பினால் காற்றுக்கு ஏச்சு. கடல் பேசாமல் கிடந்தால், “என்ன சவம் மாதிரிக் கிடக்கிறாய்” என்று கடலுக்கும் ஏச்சு. அவன் ஏசாத ஒரே ஆள் அவனுடைய மச்சான் றெனால்ட். ஏசுவதென்றாலும் பேச வேண்டுமே. அந்தப் பேச்சுத்தான் ஒன்பது வருசமாக இல்லை.

றெனால்ட், சந்தியோகுவின் மனைவி பெற்றிசியாவின் தம்பி. ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே கோப்பையில் சோறு தின்றவர்கள். அப்போது கடலட்டை பிடிக்கும் தொழில். சந்தியோகு காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு சிலாவத்துறைக்கு நேரே ஆழத்தில் இறங்குவான். இடுப்பில் ஒரு மெல்லிய கயிறு. மேலே படகில் இருப்பவன் நேரம் பார்த்து அந்தக் கயிற்றை மூன்று தரம் வெட்டி இழுக்க வேண்டும். இழுபட்டால் கீழே இருப்பவன் ஆறுதலாக, மெல்ல மெல்ல மேலே வரத் தொடங்க வேண்டும். அவர்களுக்கு இருந்த கடிகாரமும் சட்டமும் அந்தக் கயிறு ஒன்றுதான். ஒருநாள் சந்தியோகு அளவுக்கு மிஞ்சிக் கீழே நின்றுவிட்டான். காற்று முடிந்து, மூச்சுக்குத் தவித்து, ஒரேயடியாக மேலே பாய்ந்தான். ரத்தத்தில் குமிழி ஏறி இடது கால் இயங்காமல் விழுந்துவிட்டது.

அன்றைக்குக் கயிறு பிடித்தவன் றெனால்ட். “நான் இழுத்தனான். அத்தான்தான் அட்டையைக் கண்ட ஆசையில வரேல்ல” என்றான் அவன். “இழுக்கேல்ல. இருந்து நித்திரை கொண்டவன்” என்றான் சந்தியோகு. எது உண்மை என்று கடலுக்கும் கயிற்றுக்கும் தெரியும். இரண்டுக்கும் வாய் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சந்தியோகு சொல்லிவிட்டான், இனி அவனுடைய பெயர் தன் வாயில் வராது என்று. கோபத்தில் அறுத்த மூக்கு சிரித்தால் ஒட்டுமா என்பார்கள். இந்த வீட்டில் சிரித்துப் பார்க்கக்கூட ஒருவரும் முன்வரவில்லை.

அப்படிப்பட்ட இருவருக்கு ஒரே படகில் என்ன வேலை என்று கேட்பீர்கள். படகு பெற்றிசியாவுடையது, தகப்பன் சீதனமாகக் கொடுத்தது. அட்டைத் தொழில் படுத்தபிறகு வெளிநாட்டுக்காரரும் கொழும்புக்காரரும் சிலிண்டர் கட்டி இறங்கிக் கடலுக்கடியில் பவளப் பாறைகளான பார்களில் மீன் பார்க்க வரத் தொடங்கினார்கள். அவள் புருசனையும் தம்பியையும் குசினி வாசலில் நிறுத்தி வைத்துக் கதையை முடித்தாள்.

“படகு என்ர. ஒராள் ஓட்டுங்கோ, ஒராள் அவையைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கோ. ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. ஹோட்டல்காரன் வாங்கிறதுக்கு நிக்கிறான்.”

றெனால்டைப் போலப் பாரை அறிந்த சுழியோடி அந்தக் கரையில் இல்லை. அலையில் படகைப் பிடித்து நிறுத்த சந்தியோகுவை விட்டால் ஆள் இல்லை. இரண்டு பேருக்கும் வேறு பிழைப்பும் இல்லை. வயிறு இழுத்துக்கொண்டுபோய் இருவரையும் ஒரே படகில் ஏற்றியது.

படகில் ஏறியவர்கள் படகைப் பங்கு போட்டார்கள். எஞ்சின் பக்கம் சந்தியோகுவுக்கு, முன்புறத்து அணியம் றெனால்டுக்கு. அத்தானின் முகத்தில் விழிக்கக் கூடாதென்று றெனால்ட் நடுவில் ஒரு நீலப் படங்கையும் திரைபோலக் கட்டிவிட்டான். ஏதும் சொல்லவேண்டி வந்தால் சந்தியோகு எஞ்சினிடம் சொல்வான்: “அந்தக் கயித்தை ஆராவது அவிட்டால் நாங்கள் போகலாம்.” றெனால்ட் அணியத்தில் ஒட்டியிருந்த அந்தோனியார் சுரூபத்திடம் சொல்வான்: “அந்தோனியாரே, இடப்பக்கம் கல்லுக் கிடக்கு. கண் தெரிஞ்சவைக்குச் சொல்லும்.” வந்த வெள்ளைக்காரர்கள் இதை ஏதோ கடல் செபம் என்று நினைத்துத் தாங்களும் கைகூப்பியிருக்கிறார்கள்.

இந்த அழகில்தான் புதிய சட்டம் வந்தது.

கொழும்பில் எங்கேயோ குளிரூட்டிய அறையில், கடலைச் சுவர்ப் படத்தில் கண்டவர்கள் கூடியிருந்து எழுதிய சட்டம் என்பது சந்தியோகுவின் கட்சி. சுழியோட ஆட்களை ஏற்றும் படகென்றால் ஏணி வேண்டும். ஒட்சிசன் சிலிண்டர் வேண்டும். ரேடியோ வேண்டும். இறங்குகிற ஒவ்வொருவரிடமும் தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில் ஆள் உயர பலூன் ஒன்று இருக்க வேண்டும், தண்ணீரில் தனித்துப்போனால் ஊதிப் பிடிப்பதற்கு. ஆட்கள் கீழே இருக்கிற நேரம் முழுக்க ஒரு சிவப்புக் கொடி பறக்க வேண்டும். ஹோட்டல்காரனின் படகுகளுக்கு எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. மற்றவர்கள் அலைந்தார்கள். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் சுமக்கிற முதுகுகள் ஒன்றல்ல. அலைய முடியாதவர்களின் படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன, அவற்றின் நிழலில் நாய்கள் குட்டி போட்டன.

“எங்கட ஆக்கள் கால் விழுந்து, கை விழுந்து, செத்து மிதந்தெல்லாம் வந்தவங்கள். அப்ப ஒரு நாயும் ஏணி கொண்டு வரேல்ல. இப்ப வெள்ளைக்காரன்ர முழங்காலில ஒரு சிராய்ப்பு வந்தோண்ண சட்டமாம், மண்ணாங்கட்டியாம்.”

இதைச் சந்தியோகு பின்னால் நின்று முணுமுணுக்கவில்லை. சட்டத்தை விளங்கப்படுத்த மண்டபத்தில் வைத்த கூட்டத்தில், முன்வரிசைக் கதிரையில் இருந்தபடி சொன்னான். விளங்கப்படுத்த வந்தவர் சரிபுதீன், உப்புக்குளத்து ஆள், அரசாங்கக் கந்தோரில் படகுகளுக்குப் பொறுப்பானவர். எதற்கும் கோபப்படாதவர். அந்தக் குணமே சந்தியோகுவுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

“நீங்கள் சொல்லுறது சரி அண்ணை. அப்ப வந்திருக்கத்தான் வேணும். இப்பவாவது வந்திருக்கு” என்றார் சரிபுதீன். பிறகு கடைசி விதிக்கு வந்தார். கரையை விட முதலும், இறங்க முதலும், ஏறிய பிறகும் படகில் உள்ள எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுவதுபோல் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

“தலையை எண்ணினால் காணாதோ சேர்?” என்றான் சந்தியோகு.

“காணாது அண்ணை. எண்ணேக்க பிழை வரும். பேரைக் கூப்பிடவேணும், அந்த ஆள் தன்ர வாயால ‘இருக்கிறன்’ எண்டு சொல்லவேணும். அதுக்குப் பிறகுதான் கொடி இறக்கலாம், படகை எடுக்கலாம். கேக்கேல்லயெண்டால் திரும்பக் கூப்பிடலாம். எத்தனை தரமும் கூப்பிடலாம்.”

சந்தியோகு கதிரையில் முன்னுக்கு நகர்ந்தான். “படகில வேலை செய்யிறவனையுமோ?”

“அவருக்கும் உயிர்தானே. ஓட்டிற உங்களையும் ஒராள் கூப்பிடவேணும். அடையாள அட்டையில என்ன பேர் இருக்கோ அந்தப் பேர். ஒராளும் விடுபடக் கூடாது.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. கதை தெரியாதவர் சரிபுதீன் ஒருவர்தான். பின்வரிசைத் தூணோடு சாய்ந்து நின்ற றெனால்ட் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சந்தியோகு தோற்கவில்லை. ஏணி வாங்கினான், பலூன் வாங்கினான், ஏசி ஏசி எல்லாம் வாங்கினான். பெயரும் கூப்பிட்டான். வந்தவர்களின் பெயர்களைக் கடித்துக் குதறிக் கூப்பிட்டான். கடைசியில் றெனால்டின் முறை வந்ததும் தொண்டையைச் செருமி ஒருதரம் இருமினான். படங்குக்கு அந்தப் பக்கம் றெனால்ட் ஒரு சாவியால் வெறும் சிலிண்டரில் தட்டினான். டங். இருமலுக்கு டங். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி எடுத்த முடிவில்லை. முதல் நாள் அப்படி நடந்தது, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சந்தியோகுவின் பெயரைக் கூப்பிட வேண்டிய வேலையை றெனால்ட் அந்தோனியாரிடம் விட்டுவிட்டான். கரையில் நின்று பார்த்த சரிபுதீனுக்கு வாய் அசைவது தெரிந்தது. அவர் கையசைத்துவிட்டுப் போய்விடுவார்.

பகைக்குள்ளும் இப்படியொரு ஒற்றுமை வரும். சட்டத்தை ஏமாற்றுகிற விசயத்தில் ஒன்பது வருசத்தில் முதல் தரமாக இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

தென்மேற்குச் சோளகக் காற்று தொடங்கப்போகிற நாட்கள். கனடாவிலிருந்து அகிலன் என்றொருவன் வந்தான். தாய் தகப்பனின் ஊர் இலுப்பைக்கடவை. அவனுக்கு அது ஒரு பெயர்ப்பலகை, அதற்குக் கீழே நின்று படம் எடுத்துவிட்டான். கூட இரண்டு வெள்ளைக்காரச் சிநேகிதர்கள், மார்ட்டின், ஹெலன். அகிலன் வாயைவிடக் கமராவைத்தான் அதிகம் திறந்தான். சந்தியோகு இருமியபோது, “அங்கிள், சளி பிடிச்சிருக்கா?” என்று கேட்டான். சந்தியோகு எஞ்சினிடம், “சில பேருக்குப் பிறக்கேக்கயே பிடிச்சிடும்” என்றான்.

அன்று பாருக்கு மேல் நங்கூரம் போடவில்லை. இறங்குகிறவர்கள் நீரோட்டத்தோடு போவார்கள், படகு மெல்ல மெல்லப் பின்னால் போகும். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மூன்று பேரையும் றெனால்ட் பத்திரமாக மேலே கொண்டுவந்து ஏணியில் ஏற்றினான். கடைசியாக ஏறிய அகிலனின் கையிலிருந்து கமரா லைட் நழுவிக் கீழே போனது. றெனால்ட் அவனைப் பார்த்து விரலால் கீழே காட்டினான், தான் எடுத்துக்கொண்டு வருவதாக. பிறகு மறைந்துவிட்டான். அகிலன் தலையாட்டினான். அதைச் சொல்ல வாயைத் திறந்தவனுக்கு வார்த்தைக்கு முதல் காலைச் சாப்பாடு வந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்தான். மற்ற இரண்டு பேரும் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

காற்று திரும்பிவிட்டது. சந்தியோகுவுக்கு அவசரம், றெனால்ட் ஏறுகிற நேரம் ஏணிப் பக்கம் பார்ப்பதும் அவன் வழக்கமில்லை.

“மாட்டின்!”

இருக்கிறான்.

“ஏலன்!”

இருக்கிறாள்.

“அகிலன்!”

ஓங்காளித்தபடி கையைத் தூக்கினான்.

சந்தியோகு இருமினான். படங்குக்கு அந்தப் பக்கம், டங்.

கொடி இறங்கியது. எஞ்சின் பிடித்தது.

தட்டியது றெனால்ட் இல்லை. வழக்கமாக மேலே வந்ததும் வெறும் சிலிண்டர்களைக் கயிற்றால் கட்டிவைப்பது அவன் வேலை. அவன் வராதபடியால் அவை கட்டப்படாமல் கிடந்தன. அலை தூக்கிப் போட, ஒன்று உருண்டு மற்றதில் இடித்தது. இருமலை ஆளென்று நினைத்துத் தகரம் பதில் சொல்லிவிட்டது.

கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியபோதுதான் அகிலனுக்கு வயிறு அமர்ந்து வாய் திறந்தது. “அங்கிள், அந்தாள் என்ர லைட்டை எடுத்தவரா?”

“எந்த லைட்?”

“கீழ விழுந்தது. எடுக்கத் திரும்ப இறங்கினவர். காட்டினவர் எனக்கு.”

சந்தியோகு எஞ்சினை நிறுத்தினான். கெந்திக் கெந்திப் போய், அன்றுவரை தொடாத படங்கை இழுத்தான். அந்தோனியார் இருந்தார். சிலிண்டர்கள் உருண்டன. வேறு ஒருவரும் இல்லை.

முதலில் அவன் றெனால்டை நினைக்கவில்லை. பெற்றிசியாவின் முகத்தை நினைத்தான். பிறகு ஊரின் வாயை நினைத்தான்: “கயிறு இழுக்காதவனைக் கடலில விட்டிட்டு வந்திட்டான், வஞ்சம் தீர்த்துப்போட்டான்.” வேண்டுமென்று செய்யவில்லை என்று எந்தக் கோயிலில் சத்தியம் பண்ணினாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவனே கேட்டிருந்தால் நம்பமாட்டான். அதற்குப் பிறகுதான், தண்ணீரில் தனியே கிடக்கிற ஒரு மனிதனாக றெனால்ட் அவன் மனதில் வந்தான். வந்ததும் அவசரத்தில் படகைத் திருப்ப, எஞ்சின் இரண்டு தரம் நின்றுவிட்டது.

சட்டத்தில் சொன்னபடி ரேடியோவில் கூப்பிட்டான். மறுமுனையில் ஒரு குரல் சிங்களத்தில், “டிக்கக் இன்ன” என்றது, கொஞ்சம் பொறுக்கட்டாம். பொறுத்தான். அந்தக் குரல் பிறகு வரவேயில்லை. ரேடியோவை அவன் ஏசிய ஏச்சு மார்ட்டினுக்கும் ஹெலனுக்கும் மொழிபெயர்க்காமலே விளங்கியது.

பாருக்குக் கிட்டப் போய் எஞ்சினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை நுரை. “ஓய்!” என்று கத்தினான். “டேய்! ஓய்!”

“பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ அங்கிள்” என்றான் அகிலன். பயத்தில் அவன் குரல் உடைந்திருந்தது, கையில் கமரா மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. “அந்தாளுக்குப் பேர் இல்லையா?”

சந்தியோகுவுக்கு இருமல் வந்தது. உண்மையான இருமல். கண்ணில் தண்ணீர் முட்ட இருமி முடித்துவிட்டு வாயைத் திறந்தான்.

“றெனால்ட்!”

துருப்பிடித்த கதவு திறந்தமாதிரி வந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டான். பிறகு நிறுத்தவில்லை. எஞ்சினை எடுப்பான், கொஞ்சத் தூரம் போவான், நிறுத்துவான், கூப்பிடுவான். ஒன்பது வருசத்துக்கும் சேர்த்துக் கூப்பிட்டான். கோபமாகக் கூப்பிட்டான், கெஞ்சியும் கூப்பிட்டான். ஒரு தரம் அழுகை வந்து பெயர் பாதியில் நின்றது. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன, வீம்பெல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டது.

றெனால்டின் காதில் அதில் ஒன்றும் விழவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அவனைக் காட்டிக்கொடுத்தது பலூன்தான். “கலியாண வீட்டுக்குக் கட்டுறதோ” என்று சந்தியோகு கடையிலேயே எள்ளி நகையாடி வாங்கிய அதே தோடம்பழ நிறப் பலூன். ஹெலன்தான் முதலில் கண்டு கத்தினாள். தூரத்தில், பாரை விட்டு வெகுதூரம் தள்ளி, நுரைக்கு மேல் ஒரு விரல்போலத் தெரிந்தது.

றெனால்ட் ஏணியைப் பிடித்து ஏறினான். அந்த ஏணியையும் சந்தியோகு விட்டுவைக்காமல் ஏசியிருந்தான். றெனால்டின் உதடு வெளுத்து, கண் உப்பில் சிவந்திருந்தது. அகிலனின் கையில் லைட்டைக் கொடுத்தான். சந்தியோகு நீட்டிய கையைப் பார்த்தான், தொடவில்லை. அணியத்தில் போய் இருந்தான்.

படகை எடுக்க முதல் கூப்பிட வேண்டும். சந்தியோகு கூப்பிட்டான். மாட்டின், ஏலன், அகிலன். பிறகு, யாரும் சொல்லாமலே, தெளிவாக, “றெனால்ட்.”

றெனால்ட் சாவியை எடுத்துச் சிலிண்டரில் தட்டினான். டங்.

கன்னத்தில் அறைந்திருந்தாலும் சந்தியோகு அவ்வளவு துடித்திருக்கமாட்டான்.

அகிலன் நல்ல பிள்ளை, கெடுதல் நினைக்கவில்லை. வீடியோவைப் போட்டான், அவ்வளவுதான். அடுத்த நாளே மன்னார் முழுக்கச் சந்தியோகு “றெனால்ட், றெனால்ட்” என்று அலறுவதைக் கைத்தொலைபேசியில் பார்த்தது. கந்தோரும் பார்த்தது. ஆளைக் கடலில் விட்டுவிட்டு வந்தால் படகின் அனுமதி போய்விடும். அனுமதி போனால் படகை விற்பதாகப் பெற்றிசியா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

விசாரணை சரிபுதீனின் அறையில். மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு கதிரைகள், ஒன்றுக்கொன்று முதுகு காட்டாத குறையாகத் திருப்பிப் போடப்பட்டிருந்தன. கதவோரம் பெற்றிசியா நின்றாள்.

இதற்குள் இருமல் கதை சரிபுதீனின் காதுக்கும் போயிருந்தது. “றெனால்ட், உண்மையைச் சொல்லுங்கோ. படகை எடுக்க முதல் அவர் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவரோ?”

சந்தியோகு கண்ணை மூடிக்கொண்டான். ஒன்பது வருசமாக இவன் இதற்குத்தான் காத்திருந்திருப்பான். ஒரு சொல் போதும். அவனுடைய இடத்தில் தான் இருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று சந்தியோகுவுக்குத் தெரியும். யோசிக்கவே தேவையில்லை.

“கூப்பிட்டவர் சேர்” என்றான் றெனால்ட்.

சரிபுதீன் பேனையைக் கீழே வைத்தார்.

“நான் மேல வந்து ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். கூப்பிட்டவர். ‘இருக்கிறன்’ எண்டு சொன்னனான். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப இறங்கினது நான்தான். அந்தப் பெடியன்ர லைட்டுக்காக. பிழை என்ர.”

முகத்தில் ஒரு மயிர் அசையவில்லை. பொய்யைப் பச்சைத் தண்ணீர்போலக் குடித்துக் காட்டினான். சரிபுதீன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, எதிர்த்துச் சொல்லக்கூடிய அகிலனும் சிநேகிதர்களும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள், வேறு சாட்சி இல்லை. றெனால்டுக்குக் கடும் எச்சரிக்கை. படகின் அனுமதி தப்பியது. “ஆனால் நாளைக்குக் காலமை நான் படகடியில வந்து நிப்பன்” என்றார். “நீங்கள் எல்லாரையும் கூப்பிடுறதை என்ர காதால கேக்கவேணும்.”

வெளியே வாகை மரத்தடியில் சந்தியோகு காலை இழுத்துக்கொண்டு றெனால்டை எட்டிப் பிடித்தான்.

“ஏன் பொய் சொன்னனி?”

றெனால்ட் நின்றான், ஆனால் திரும்பவில்லை. “நீங்கள் கூப்பிட்டதெண்டு நான் ஒத்துக்கொண்டிட்டன். நான் கயிறு இழுத்ததெண்டு நீங்கள் எப்ப ஒத்துக்கொள்ளப்போறியள்?”

சொல்லிவிட்டு பஸ் எடுக்கப் போய்விட்டான்.

அன்றிரவு சந்தியோகு சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். அனுமதி கிடைத்துவிட்டது, படகு இருக்கிறது, சந்தோசப்பட வேண்டியவன். நெஞ்சு பற்றி எரிந்தது. இவ்வளவு நேராக முகத்தை வைத்துக்கொண்டு இன்று பொய் சொல்லக்கூடியவன் அன்றும் பொய்தான் சொல்லியிருப்பான். ஆனால் நடுக்கடலில் விட்டுவிட்டு வந்தவனுக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற ஒருவன், அன்று கயிறு இழுக்காமல் இருந்திருப்பானா? இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது. தன் கால் போனது தன் ஆசையாலா என்ற கேள்வியை ஒன்பது வருசமாக ஒரு கோபத்தைப் போட்டு மூடி வைத்திருந்தான். அந்த மூடியை றெனால்ட் கழற்றி எறிந்துவிட்டான், பாவி. அதற்காகவும் அவனை வெறுத்தான்.

விடிந்ததும் படகடியில் கூட்டம். வலையின் கிழிசல் பொத்த வந்தவர்கள் என்று பேர், ஒருவன் கையிலும் ஊசி இல்லை. சரிபுதீன் முழங்கால் தண்ணீரில் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். பெற்றிசியா கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றாள். நீலப் படங்கை அவளே அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தாள்.

சந்தியோகு அன்று சுழியோட வந்தவர்களைக் கூப்பிட்டான். பிறகு தொண்டை அரித்தது. சரிபுதீன் புருவத்தைத் தூக்கினார். சந்தியோகு இருமலை விழுங்கினான்.

“றெனால்ட்!” காறித் துப்புவதுபோல வந்தது.

“இருக்கிறன்.”

அப்பாடா என்று எஞ்சின் கயிற்றைப் பிடித்தான்.

“பொறுங்கோ அண்ணை” என்றார் சரிபுதீன். “உங்களையும் கூப்பிடவேணும்.”

றெனால்ட் அணியத்தில் எழுந்து நின்றான். அக்கா கலியாணம் கட்டிய நாள் முதல் அவளுடைய புருசனை அவன் அத்தான் என்று அழைத்தவன். கோபம் வந்தபிறகு எப்படியும் அழைக்காதவன். ஊரில் எந்தத் தம்பியும் அக்காவின் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் பல்லு இருக்காது. ஆனால் அடையாள அட்டையில் அத்தான் என்று போடுவதில்லை. றெனால்ட் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

“மரியான் சந்தியோகு!”

வாத்தியார் பள்ளிக்கூடத்தில் பெடியனைக் கூப்பிடுகிறமாதிரி, வெறும் பெயர், முழுப் பெயர், ஊருக்கே கேட்கத்தக்கதாக. சந்தியோகுவின் காது சுட்டது. பெற்றிசியாவைப் பார்த்தான். அவள் தம்பியைக் கண்டிக்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்தாள். பதில் சொல்லாவிட்டால் படகு நகராது.

“இருக்கிறன்” என்றான் சந்தியோகு, பல்லுக்குள்.

“கேக்கேல்ல” என்றான் றெனால்ட். விதியில் அதற்கு இடம் இருந்தது. ஒருதரம் சரிபுதீனைப் பார்த்துவிட்டு, முன்னதைவிடச் சத்தமாக, திரும்பவும் கூப்பிட்டான்.